நிறைகுடமும் தாசில்தாரம்மாவும்

எனக்கு அந்தப் பூனையை முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "சொர்ணவல்லியும் பூனை வளக்குறவளா ஆயிட்டாளா" என்று யாரும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டாம். பூனை என்னுடையது அல்ல. எதிர்வீட்டுப் பிரகதாம்பாள் அக்காவுடையது. பூனையைக் கேட்டால் அவளுடையதும் அல்ல என்றுதான் சொல்லும். அவ்வளவு திமிர்.

நான் அறந்தாங்கிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சத்துணவு அமைப்பாளர். கோபக்காரி என்று பேர் வாங்கியவள். நூற்றிருபது பிள்ளைகளுக்கு முட்டை அவித்து உரித்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும் கோபம். ஆனால் எங்கள் தெருவில் எனக்கு இன்னொரு பேரும் உண்டு. ராசிக்காரி. வீட்டுக்கு வீடு ஓர் ஆண்பிள்ளை கத்தார், துபாய், சவூதி என்று போயிருக்கும் தெரு எங்களுடையது. மாசத்துக்கு ஒரு காராவது திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும். கார் நகரும்போது எதிரே நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி வர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சுமங்கலி நான்தான்.

எப்படி வருவேன் தெரியுமா? தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய பொட்டு, இடுப்பில் எவர்சில்வர் குடம். தெருமுனைக் குழாயடியில் தயாராக நிற்பேன். டிரைவர் ஒரு ஹாரன் கொடுப்பான். உடனே, இப்போதுதான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறவள் மாதிரி, எதையும் கவனிக்காத முகத்தோடு நடந்து வருவேன். ஏற்பாடு என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். போன பையன் இரண்டு வருஷத்தில் மாடி எழுப்பினால், "சொர்ணம் எதிர்ல வந்த நேரம்" என்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

அதே நேரத்தில் எதிர்வீட்டில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். பிரகதாம்பாள் அக்கா தாலியை இழந்தவள். அவள் புருஷன் இறந்த மறுமாசமே என் மாமியார் போய், "ஆத்தா, யாராச்சும் கெளம்புற நேரம் வாசல்ல நிக்காத" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதன் பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கார் டிக்கியைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். தாழ்ப்பாள் விழுந்தால்தான் எனக்குக் குடத்தைத் தூக்க மனசு வரும். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அக்கா பிறந்தது கந்தர்வக்கோட்டைக்குப் பக்கம். எட்டு வயதிலிருந்து முந்திரிக்கொட்டை உடைத்த கை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனித் தோல் வெந்து கைரேகையே அழிந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் அது அவளை ஆள் என்றே ஒத்துக்கொள்ளாது. மாசாமாசம் அங்கே ஒரு சண்டை. "நான் உசுரோட இங்கதான்டா நிக்குறேன், ஒன் மெஷினுக்குக் கண்ணு இல்லியா?" என்று அவள் போடும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

அவள் புருஷன் செம்மல், கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். கல்யாணமாகிப் பத்தாவது வருஷம் சவூதிக்குப் போனார். பதினாலாவது மாசம் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு போய்விட்டது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து முன்னறையில் இறக்கிவிட்டுப் போனார்கள். பிள்ளை இல்லை. அக்காவின் மாமியார் வீட்டு ஆட்கள் ஆறு மாசம் வந்துபோனார்கள், பிறகு பொங்கலுக்கு மட்டும் வந்தார்கள், பிறகு அதுவும் இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத மனிதனுக்குச் சிறுநீர் தானாகப் போகாது. முதலில் குழாய் வைத்தார்கள். அது சீழ் பிடித்ததும், அடிவயிற்றைக் கையால் அமுக்கி எடுக்க ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தார்கள். தினம் நாலு வேளை. ஒன்பது வருஷம்.

பார்க்க வந்த ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாவம், என்ன கர்மமோ" என்றாள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கர்மம் இல்ல, மூத்திரம். அந்த வாளிய அங்கிட்டு எடுத்து வையி" என்றாள். வந்தவள் அத்தோடு சரி. அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

செம்மல் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. அக்கா இப்போது படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போகிறாள். காலை எட்டுக்குப் போனால் மாலை ஐந்தரைக்கு வருவாள்.

பூனை வந்ததற்குக் காரணம் என் வாய்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் அடைக்கலமேரி என்று ஒரு டீச்சர். அடிபட்ட காக்கா, குருட்டு நாய் எதையும் விட மாட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீக்கடைகளை நம்பி வாழ்ந்த ஒரு சாம்பல் நிறப் பெண்பூனை மீது வேன் ஏறிவிட்டது. டீச்சர் அதை வாரிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். உயிர் தங்கிவிட்டது, இடுப்புக்குக் கீழே செயல் இல்லை. ரெண்டு வேளையும் யாராவது அமுக்கிச் சிறுநீரை எடுக்க வேண்டும், தவறினால் விஷம் ஏறிவிடும், நாலு வயசுத் தெருப்பூனை யாருக்கும் பழகாது, ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொன்னாராம். டீச்சருக்கு மனசு வரவில்லை. இரண்டு மாசமாகக் குளியலறையில் வைத்துக்கொண்டு, 'யாராவது வளர்ப்பீர்களா' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தாள். குட்டி என்றால் பத்துப் பேர் வருவார்கள். கிழவிபோல் முறைக்கும் நொண்டிப் பூனைக்கு யார் வருவார்?

இதை நான் அக்காவிடம் சிரித்துக்கொண்டு சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. "அமுக்கி எடுக்கணும்னா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் சாயங்காலம் அடைக்கலமேரி ஒரு தக்காளிப் பெட்டியில் பூனையோடு வந்து இறங்கினாள்.

எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே அமுக்க வேண்டும் என்று டீச்சர் பத்து நிமிஷம் பாடம் எடுத்தாள். அக்கா கேட்டுக்கொண்டே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, பூனையின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்தாள். எதையோ தேடுவது போல் விரல்கள் நகர்ந்தன, நின்றன, மெல்ல மூடின. டீச்சர் பாடத்தை முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. பூனை அவள் பெருவிரலைக் கவ்வியிருந்தது. "கடிச்சுக்க. முடிச்சுட்டுத்தான் விடுவேன்" என்றாள் அக்கா.

தெருவே கூடிப் புத்தி சொன்னது. நானும் சொன்னேன். "ஏக்கா, ஒம்பது வருசம் பாத்தது போதாதா? ஏழரைய வெல கொடுத்து வாங்குறீங்களே" என்றேன்.

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவரு ஒவ்வொரு வேளையும் அழுவாருடி. நன்றி சொல்லிச் சொல்லியே என்னையக் கொன்னாரு. என் கையப் புடிச்சுக்கிட்டு மன்னிச்சுரு மன்னிச்சுருன்னு... எனக்கு அதத் தாங்க முடியல, வேலையத் தாங்க முடிஞ்சுச்சு. இது அழுவாது. கடிக்கும், முடிஞ்சதும் அது பாட்டுக்குப் போயிரும். எனக்கு இதான் தேவல."

அப்படித்தான் இருந்தது அந்தப் பூனை. மடியில் ஏறாது. காலை உரசாது. கூப்பிட்டால் காது மட்டும் அசையும், தலை திரும்பாது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பாதியைச் சாக்கு மாதிரி இழுத்துக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றும். தோல் உரசாமல் இருக்க அக்கா பழைய நைலக்ஸ் சேலையில் ஒரு பை தைத்து இடுப்பில் மாட்டிவிட்டிருந்தாள். செங்கல் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, மனுவோடு வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்க்கும். தாசில்தாரம்மா என்று பேர் வைத்தது நான்தான். கேலிக்கு வைத்தேன், அதுவே நின்றுவிட்டது.

காலை ஏழு மணி, மாலை ஆறு மணி. அந்த இரண்டு நேரத்துக்கு மட்டும் அது எங்கிருந்தாலும் அக்கா தேடிப் பிடித்து வருவாள். இரண்டு பேரும் திட்டிக்கொள்வார்கள். அவள் தமிழில், அது அதன் பாஷையில்.

இப்போது என் மகன் கதைக்கு வருகிறேன். அரவிந்த்குமாருக்குக் கத்தாரில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்தது. கார் வந்தது, தாழ்ப்பாள் விழுந்தது. சொந்த மகனுக்கு நானே குடத்தோடு எதிரே வந்தேன். அப்போதுதான் அந்தச் சனியன் செங்கல் குவியலை விட்டு இறங்கியது. மற்ற பூனை என்றால் கண்ணிமைப்பதற்குள் தாண்டிப் போகும். பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இது இழுத்து இழுத்து நடுரோட்டுக்கு வந்தது. அங்கே நின்றது. முன்னங்காலை ஒருமுறை நக்கிக்கொண்டது. காரும் நின்றது, எங்கள் குடும்பமும் நின்றது. முழுசாகத் தெருவைக் கடக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு உலை கொதித்திருக்கும். அன்று மாலை என் மகன் ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்தான். கம்பெனி விசாவை ரத்து செய்துவிட்டதாம்.

நான் தெருவில் இறங்கி நின்று கத்திய கத்து இன்னும் எனக்கே காதில் இருக்கிறது. பூனையைச் சொன்னேன், பூனையை வைத்திருப்பவளைச் சொன்னேன், சொல்லக் கூடாததையும் சொன்னேன். "புருசனத்தான் முழுங்கியாச்சு, எம் புள்ளையையுமா?" அக்கா உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போலத் தாசில்தாரம்மாவைத் திட்டும் சத்தம் கேட்டது, கொஞ்சம் மெதுவாக.

நாலு மாசத்தில் வேறு கம்பெனி விசா வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கிளம்ப வேண்டும். இந்தத் தடவை நான் விடுவேனா? என் தம்பி குழந்தைசாமி மினி லாரி ஓட்டுகிறான். விடிகாலையில் மணமேல்குடி போய் மீன் ஏற்றி வருவது அவன் பிழைப்பு. அவனிடம் சொன்னேன்.

"கொல்லச் சொல்லாதக்கா. பூனையக் கொன்ன பாவம் புள்ளைக்குத்தான் வந்து விடியும்" என்றான். "கரையில விட்டுர்றேன். அங்கிட்டு மீனாக் கெடக்கு. தின்னுக்கிட்டு ராஜ வாழ்க்கை வாழும். பாவமும் இல்ல."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். வேண்டாத பூனையைச் சாக்கில் போட்டு மீன் கிடைக்கிற இடத்தில் விட்டுவிட்டால் கை சுத்தம். ஆனால் அந்தப் பூனைக்குத் தின்பது கஷ்டமில்லையே, வெளியே போவதுதானே கஷ்டம்? எனக்கு அது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. கடல் மண்ணில் உட்கார்ந்தால் அதுவாகப் போய்விடும், அக்காதான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் காரியம் நடக்கும் என்பதால் நினைத்துக்கொண்டேன். விடியும் முன்னே அக்கா வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் தூங்கிய பூனையைக் குழந்தைசாமி சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனான்.

பதினோரு மணிக்குத் தாழ்ப்பாள் விழுந்தது. ஹாரன் கேட்டது. நான் குடத்தோடு வந்தேன். தெரு துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. என் மகன் கண்ணாடி வழியே கை காட்டிவிட்டுப் போனான்.

கார் திரும்பி மறைந்ததும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா ஒரு துண்டோடு வெளியே ஓடிவந்து சாக்கடையை எட்டிப் பார்த்தாள், செங்கல் குவியலுக்குப் பின்னால் பார்த்தாள், குனிந்து வண்டிகளுக்கடியில் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"சொர்ணம், அதப் பாத்தியா? காலைலேருந்து காணோம்."

"எப்பலேருந்துக்கா?"

"ஆறரைக்கு எந்திரிச்சுப் பாத்தேன். கல்லுல இல்ல. கொல்லை பூராம் தேடிட்டேன்."

"அப்பவே வெளிய வந்து தேடுறதுக்கென்ன?" என்றேன். திருடியவளுக்கே வரும் அதட்டல்.

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஒம் மகன் கெளம்புற நாளுல்ல? நான் எப்புடி வெளிய வருவேன்? போன தடவதான் ஆகாமப் போச்சு. இந்தத் தடவையாச்சும் புள்ள நல்லபடியாப் போகட்டும்னு உள்ளயே ஒக்காந்திருந்தேன். நேத்து ஆறு மணிக்கு எடுத்தது, சொர்ணம். பதினேழு மணி நேரம் ஆச்சு."

இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தேன். நாலரை மணி நேரம் அவள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள், என் மகனுக்காக. எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம்.

"நாந்தான்" என்றேன். "தம்பிய விட்டு மணமேல்குடில கொண்டுபோயி விட்டுட்டேன்."

அவள் அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். உள்ளே போய்ப் பிளாஸ்டிக் விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். "வண்டிய எடு" என்றாள்.

என் ஸ்கூட்டியில் போனோம். பின்னால் உட்கார்ந்தவள் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மனசுக்குள் ஒரே கணக்குத்தான்: பூனை செத்தால் பாவம், அந்தப் பாவம் என் மகன் விமானம் ஏறுகிற நாளில். உள்ளதைச் சொல்கிறேன். அப்போதுகூடப் பூனைக்காகவோ அக்காவுக்காகவோ நான் வண்டியை முறுக்கவில்லை.

குழந்தைசாமி போனில் சொன்ன ஐஸ் ஷெட்டில் பூனை இல்லை. படகுகளுக்கு நடுவில், வலைக் குவியல்களில், கருவாடு காயும் இடத்தில் என்று ஒன்றரை மணி நேரம் வெயிலில் தேடினோம். கடைசியில் இறால் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கை நீட்டினாள்.

"நொண்டிப் பூனையா? அந்தா, ஒடஞ்ச வள்ளத்துக்குக் கீழ கெடக்கு. சூலிப் பூனை போல, வயிறு இம்புட்டுப் பெருசா இருக்கு. பாவமேன்னு மீன் போட்டோம், தண்ணி வச்சோம். காலைல நல்லாத்தான் குடிச்சுச்சு. இப்ப ஏனோ அசையக் காணோம்."

தண்ணி வச்சோம் என்றதும் அக்கா ஓடினாள். ஐம்பது வயசுப் பொம்பளை, சுடுமணலில், செருப்பு எங்கே கழன்றது என்றுகூடப் பார்க்காமல் ஓடினாள்.

வள்ளத்தின் நிழலில் தாசில்தாரம்மா பக்கவாட்டில் கிடந்தது. சுற்றிலும் மீன் தலை. வயிறு ஊதி இறுகியிருந்தது. அக்கா விரிப்பைப் போட்டுக் கையைக் கொடுத்ததும், செத்தது போல் கிடந்தது திரும்பி அவள் மணிக்கட்டைக் கவ்வியது. பல் உள்ளே இறங்கிவிட்டது. அக்கா கையை எடுக்கவில்லை.

"என்னாடி நிக்குற? முன்னாடி புடி!"

நான் உட்கார்ந்து கழுத்தையும் முன்னங்கால்களையும் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் தொட்டேன். சூடாக இருந்தது. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் வெறுப்பு என்று நான் நினைத்திருந்தது அவ்வளவும் நடுக்கம். அக்கா ஒரேயடியாக அமுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு. முதலில் எதுவும் வரவில்லை. பிறகு சொட்டியது. ரத்தம் கலந்து வந்தது. என் சேலையெல்லாம் நனைந்தது.

அப்போது என் பையில் போன் அடித்தது. என் மகனுக்கென்று தனியாக வைத்த பாட்டு.

"எடுக்காத" என்றாள் அக்கா. "விட்டேன்னா வள்ளத்துக்கடியில பூந்துரும். இன்னும் பாதிகூட வரல."

போன் அடித்து அடித்து நின்றது. திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். இரண்டாம் முறை அடித்தது. என் கை பூனையின் காலில் இருந்தது. நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேலை முடிந்து அக்கா கையை எடுத்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "திரும்பி வந்துட்டான்க்கா. இந்தப் பாவத்துக்கு அவன் திரும்பித்தான் வந்திருப்பான். சகுனம் நல்லா இருக்கணும்னுதானேக்கா செஞ்சேன், எம் புள்ள நல்லாப் போயிச் சேரணும்னுதானே..."

"வாய மூடு!"

இறால் பிரித்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எழுந்து நின்றாள். மணிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டியது.

"சகுனமாம் சகுனம்! எம் வீட்டுக்காரரு கெளம்புனப்ப எந்தப் பூனைடி குறுக்க வந்துச்சு? எந்தத் தாலியறுத்தவடி வாசல்ல நின்னா? வெள்ளிக்கெழம, நல்ல நேரம், தெரு சுத்தமா இருந்துச்சு. தலை நெறையப் பூவ வச்சுக்கிட்டு, கொடம் தளும்பத் தளும்ப, எதிர்ல வந்தவ யாரு? நீதானடி? நீதான வந்தே? அவரு கார நிறுத்தச் சொல்லி, 'சொர்ணம் வருது, இனி எனக்கொண்ணும் ஆகாது'ன்னு சிரிச்சுட்டுப் போனாரு. பதினேழு வருசமாச்சு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் ஒன்னையக் கேட்டிருக்கேனா?"

எனக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. நீலச் சேலை கட்டியிருந்தேன். நான் எதிரே வந்து நல்லபடியாக வாழ்ந்தவர்கள் பேர் அத்தனையும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அந்த வரிசையில் செம்மலை நான் சேர்த்ததே இல்லை. அவர் விழுந்தது விதி என்று விட்டுவிட்டேன். என் மகன் திரும்பி வந்தது மட்டும் பூனை.

மூன்றாம் முறை போன் அடித்தது. எடுத்தேன். "அம்மா, எங்கம்மா போன? இமிகிரேஷன் முடிஞ்சு உள்ள வந்துட்டேன். சும்மா சொல்லத்தான் கூப்புட்டேன்" என்றான். என் வாயிலிருந்து சரி என்ற ஒரு சொல்தான் வந்தது.

திரும்பும்போது பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் அக்கா. இப்போதும் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை.

டாக்டர் பத்து நாளைக்கு மருந்து கொடுத்தார். பிழைத்துக்கொண்டது. அக்காவின் மணிக்கட்டு வீங்கி விரல் மடங்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு நானாகப் போய் அந்தக் கதவைத் தட்டினேன். நான் முன்னால் பிடிக்க, அக்கா இடது கையால் செய்தாள். கை சரியான பிறகும் போகிறேன். அக்கா வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அந்தச் சனியனோ என்னைக் கண்டதுமே காதை மடக்கிக்கொள்ளும். என் கையெல்லாம் அதன் கீறல்தான்.

ஆவணியில் பக்கத்து வீட்டு வனிதா வந்து, "தம்பி துபாய் போறான்க்கா, காலைல ஏழு மணிக்குக் கொடத்தோட வந்துருங்க" என்றாள். "ஏழு மணிக்கு எங் கையில பூனை மூத்திரம் இருக்கும். அப்புடியே வரவா?" என்று கேட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவர்களுக்கு இப்போது வேறு சுமங்கலி கிடைத்திருக்கிறாள்.

போன மாசம் அரவிந்த்குமார் பத்து நாள் லீவில் வந்துவிட்டுத் திரும்பினான். கார் காலை ஏழு மணிக்கு. டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டில் தாழ்ப்பாள் விழுந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்! நேரே போய்க் கதவை உடைப்பது போலத் தட்டினேன்.

"தொறங்கக்கா! மணி ஏழாச்சு."

"ஒம் மகன் போகட்டும்டி. அஞ்சு நிமிசந்தான்."

"அவன் போவான். அதுக்கு வயிறு முட்டிக்கிட்டு இருக்கு. தொறங்கன்னா தொறங்க!"

கதவு திறந்தது. உள்ளே இருட்டில் எதற்கு என்று வாசற்படியிலேயே விரிப்பைப் போட்டேன். நான் பிடித்தேன், அக்கா அமுக்கினாள். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். என் மகன் தெருவைத் தாண்டி எங்கள் முன்னால் வந்து நின்றான்.

"பெரியம்மா, போயிட்டு வாரேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் புறப்படுகிறேன் என்று எங்கள் தெருவில் ஏழு வருஷமாக யாரும் சொன்னதில்லை. "கைய எடுக்க முடியல ராசா" என்றாள். "நல்லாப் போயிட்டு வா."

கார் கிளம்பியது. எதிரே குடத்தோடு யாரும் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று வீரம் பேச மாட்டேன். அன்று முழுக்க ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை அக்கா வீட்டு வாசலில் தாசில்தாரம்மாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"அம்மா, நல்லபடியா வந்து சேந்துட்டேன். ரூமுக்கு வந்தாச்சு. அப்புறம்..."

"சரி, போன வைடா" என்று கத்தினேன். "பெரியம்மா கடி வாங்கிக்கிட்டு இருக்காக."